ஒலாபரிப் தொடங்கும் முன் பிஆர்சிஏ பரிசோதனை

சினைப்பைப் புற்றுநோய் உறுதியானதுமே பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 (பழுதான டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் மரபணுக்கள்) பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். கீமோ முடியட்டும் என்று தள்ளிப்போட்டால், ஒலாபரிப் (இந்த மரபணுக்களில் மாற்றம் உள்ள புற்றுநோய்க்குத் தரும் மாத்திரை) தொடங்கவேண்டிய நேரத்தில் அறிக்கை கையில் இருக்காது.

இரத்தம் மட்டும் போதாது. ஈடிடிஏ குழாயில் (இரத்தம் உறையாமல் காக்கும் குழாய்) எடுக்கும் இரத்தம் பிறவியிலேயே வந்த மாற்றத்தைத்தான் காட்டும். கட்டியில் மட்டும் உண்டானதைப் பார்க்க பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த கட்டித் திசு) தேவை. மெழுகில் பதிக்கும் முன் திசு 10% ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) 6 முதல் 72 மணி நேரம் இருக்கலாம். வார விடுமுறையில் மறந்து கூடுதலாக ஊறவிட்டால் டிஎன்ஏ சிதைந்து சோதனையே வீணாகும். கீமோவுக்குப் பின் எடுத்த திசுவில் புற்றுசெல்கள் சொற்பம், அதனால் முதல் பயாப்சியின் பிளாக்கையே கேட்டு வாங்குங்கள். 'முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்' என்று அறிக்கை வந்தால் அது பாசிட்டிவ் அல்ல. இங்கேதான் தவறான மருந்துச் சீட்டுகள் எழுதப்படுகின்றன.

அறிக்கை பாசிட்டிவாக வந்து, பிளாட்டினம் கீமோவுக்கு (கார்போபிளாட்டின் போன்ற மருந்துகள்) நோய் கட்டுப்பட்டிருந்தால், ஒலாபரிப் 150 மி.கி. மாத்திரை காலையில் இரண்டு, இரவில் இரண்டு. மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை வழக்கமான அளவு மட்டுமே.

முதல் ஓராண்டு மாதாமாதம் இரத்த அணுக்கள் எண்ணப்பட வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்தி, தேறிய பின் 250 மி.கி. இரு வேளை. நோயாளி படர்தாமரைக்கு வேறெங்காவது இட்ராகொனசோல் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள்: அது ஒலாபரிப் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.