மின்மூக்கால் தண்ணீரைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் கல்லூரி புராஜெக்ட் என்றால் இப்போது ஒரு குழுவாவது மின்மூக்கு, அதாவது வாசனையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவி, செய்கிறது. எம்க்யூ வகை வாயு சென்சார்கள் நாலைந்தை ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் இணைத்து, அளவுகளைக் கணினிக்குக் கற்பித்து, பாலாற்றோரப் போர்வெல் தண்ணீரில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல முயற்சி. வயரை மாற்றிச் செருகுவது போன்ற தவறுகள் தானாகத் தெரிந்துவிடும். தெரியாமலே கெடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

நல்ல தண்ணீர் காலையில், கெட்ட தண்ணீர் மதியம்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். லேப் திறந்ததும் நல்ல தண்ணீரை வரிசையாக அளந்து முடிப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து, வாணியம்பாடியிலிருந்து கொண்டுவந்த நாற்றத் தண்ணீரை அளப்பார்கள். கணினி இரண்டையும் பிசகாமல் பிரித்துக் காட்டும். அப்படிக் கைதட்டல் வாங்கிய ஒரு குழுவிடம், காலையில் அளந்த அதே குழாய்த் தண்ணீரை மதியம் வைக்கச் சொன்னேன். ‘கழிவு’ என்று வந்தது.

சென்சாருக்குள் சூடேறிய டின் ஆக்சைடு இருக்கிறது. வாயு பட்டால் அதன் மின்தடை மாறும். வெப்பமும் ஈரப்பதமும் மாறினாலும் மாறும். நம் ஊர் மே மாத மதியத்தில் பாட்டில் சூடாகி, தண்ணீருக்கு மேலுள்ள காற்றில் நீராவி கூடிவிடுகிறது. கணினி கற்றுக்கொண்டது அந்த மதியத்தைத்தான். அப்புறம் எந்தக் கணக்குப் போட்டும் இதைப் பிரித்தெடுக்க முடியாது, சேகரித்ததெல்லாம் வீண்.

ஆகவே சீட்டுக் குலுக்கி, மாதிரிகளைக் கலந்து அளங்கள். எல்லா பாட்டிலும் வாட்டர் பாத்தில் (சூடு மாறாத தண்ணீர்த் தொட்டியில்) ஒரே சூட்டில் இருக்கட்டும். நடுநடுவே டிஸ்டில்ட் வாட்டரையும் வையுங்கள். ஒரு நாள் அளந்ததை வைத்துக் கற்பித்தால், வேறொரு நாள் அளந்ததை வைத்துச் சோதியுங்கள்.

பிஹெச் குறிக்காமல் அளப்பது

பிஹெச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு. எந்த வாயு கிளம்பும் என்பது அதைப் பொறுத்தது. தோலில் முடி நீக்கும் கட்டத்தின் கழிவில் சல்ஃபைடு அதிகம். தண்ணீர் நல்ல காரமாக இருக்கும்வரை அது கரைந்தே கிடக்கும். அமிலம் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு வாயுவாகக் கிளம்பும். அம்மோனியா இதற்கு நேர் எதிர், காரத்தில்தான் கிளம்பும். அமிலம் சேர்த்துப் பார்ப்பதானால் ஃப்யூம் ஹூடுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் லேப் கூண்டுக்குள்) மட்டும் செய்யுங்கள், அந்த வாயு விஷம்.

யுஎஸ்பி மின்சாரம்

போதாது. ஒரு சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரே ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் இழுக்கும்.

சிலிக்கோன் பசை

பக்கத்திலேயே வேண்டாம். அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

குரோமியத்தைத் தேடுவது

ராணிப்பேட்டை நிலத்தடி நீர் என்றாலே முதல் கவலை குரோமியம். அது ஆவியாகாது, எந்த வாயு சென்சாருக்கும் எட்டாது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் அதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மின்மூக்கு ‘சுத்தம்’ என்று காட்டினாலும், அந்தப் பக்கத்துத் தண்ணீரை லேபுக்கு அனுப்பாமல் யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.