டீ பாக்கெட்டில் தொடங்கும் பொருளாதார வகுப்பு

நீலகிரியில் ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றுப் பொருளாதாரம் (கூலியில்லா உழைப்பு, இயற்கைக்கு வரும் சேதம், கூட்டுறவு ஆகியவற்றையும் கணக்கில் எடுப்பது) நடத்த இரண்டு பீரியடும் 250 கிராம் டீத்தூள் பாக்கெட் ஒன்றும் போதும். தோட்டம் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து பச்சை இலை விலையை முதல் நாளே கேட்டுவரச் சொல்லுங்கள்.

ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அப்படியானால் இந்தப் பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 1.1 கிலோ. இலை கிலோ 20 ரூபாய், பாக்கெட் 75 ரூபாய் என்று வைத்தால் இலைக்குப் போவது 22 ரூபாய். பாக்கெட்டின் முழு விலையைக் குறிக்கும் 100 செ.மீ. காகிதப் பட்டையில் 29 செ.மீ. வரை பச்சை வண்ணம் தீட்டட்டும். பிள்ளைகள் பெரும்பாலும் கிலோ இலையைக் கிலோ தூளோடு நேராக ஒப்பிட்டுவிடுவார்கள். அங்கே கணக்கு தவறும்.

மீதி 71 செ.மீ. முழுவதும் லாபம் என்று முடிவுகட்ட விடாதீர்கள். உலர்த்த விறகு, மின்சாரம், லாரி வாடகை, ஏலம், கடைக்காரர் பங்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பச்சைப் பகுதிக்குள்ளும் பறிகூலி, உரம் உண்டு. வீட்டுப் பெண்கள் பறித்தால் கூலி பூஜ்யம் என்று எழுதுவார்கள். அன்றைய உள்ளூர்க் கூலியைப் போட வையுங்கள், இதை மட்டும் விட்டுவிடவே கூடாது.

பட்டையில் இடமே இல்லாத செலவுகளை அதன் பின்புறம் எழுதட்டும்: சரிவில் அரித்துப்போகும் மண், ஓடையில் கலக்கும் பூச்சிமருந்து.

இரண்டாம் பீரியடில் கூட்டுறவு. 1965-ல் தொடங்கிய இண்ட்கோசர்வை (சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கான இணையம்) சொல்லிவிட்டு, வகுப்பையே சங்கமாக்குங்கள். நிலம் எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. உபரியைப் பிரிப்பதா, இயந்திரம் வாங்குவதா? வாக்கெடுப்புக்கு முன் பத்து நிமிடமாவது வாதாட விடுங்கள்.