மெதுவாக ஆடும் படகை நம்பாதீர்கள்: நிலைத்தன்மையைச் சோதித்துச் சரிசெய்யும் முறை

மீன்பிடித் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள், வெடுக்கென்று சாய்ந்து வெடுக்கென்று நிமிரும் படகைக் கண்டு அஞ்சுகிறார்கள். தொட்டில் போல நிதானமாக ஆடும் படகில்தான் அவர்களுக்கு நிம்மதி. உண்மை இதற்கு நேர்மாறானது. எடைமையம் தாழ்ந்திருக்கும் படகு சட்டென்று நிமிரும். எடை மேலே ஏற ஏற, சாய்ந்த பக்கத்திலேயே ஒரு கணம் தயங்கி நின்று பிறகுதான் எழும். அந்தத் தயக்கத்தை அலட்சியம் செய்யக்கூடாது.

1. ஆட்ட நேரத்தை அளந்துவிடுங்கள்

அலையில்லாத துறைமுக நீரில், அடியில் போதிய ஆழம் இருக்குமிடத்தில் படகை நிறுத்துங்கள். கட்டுக் கயிறுகளைத் தளர்த்திவிடுங்கள். படகு எதிலும் உரசக்கூடாது. டேங்குகள் நிரம்பியோ காலியாகவோ இருக்கட்டும், அரைகுறையாக வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து தாளம் தவறாமல் பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்தால் படகு ஆடத் தொடங்கும். லேசான ஆட்டமே போதும். பிறகு எல்லோரும் நடுவில் வந்து அசையாமல் நிற்க வேண்டும்.

ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்து, மறுபக்கம் போய், தொடங்கிய பக்கத்துக்கே திரும்பினால் அது ஓர் ஆட்டம். நாலைந்து ஆட்டங்களுக்கான மொத்த நேரத்தை எடுத்துச் சராசரி காணுங்கள்.

கணக்கு எளிது. படகின் அகலத்தை (மீட்டரில்) 0.8 ஆல் பெருக்கி, ஆட்ட நேரத்தால் (வினாடியில்) வகுத்து, விடையை அதனாலேயே பெருக்குங்கள். கிடைப்பது மெட்டாசென்ட்ரிக் உயரம், ஏறத்தாழ. சாய்ந்த படகு நிமிரும் வலுவைக் காட்டும் அளவு அது; குறைந்தால் வலுவும் குறைவு. 5 மீட்டர் அகலப் படகு 6 வினாடியில் ஆடினால் 0.44 மீட்டர் வரும். அதே படகுக்கு 8 வினாடி ஆனால் 0.25 மீட்டர்தான். 24 மீட்டருக்கு மேற்பட்ட, ஒரே தளம் கொண்ட மீன்பிடிக் கலங்களுக்குச் சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்சம் 0.35 மீட்டர். சிறிய படகுக்காரர்களும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இது முதற்கட்டச் சோதனைதான். எண் குறைவாக வந்தால் கப்பல் கட்டுமானப் பொறியாளரைக் கொண்டு முறையாகச் சோதித்த பிறகே கடலுக்குப் போங்கள்.

கிடைத்த எண்ணைத் தேதியுடன் எழுதி வையுங்கள். அடுத்த சோதனையில் ஆட்ட நேரம் கூடியிருந்தால், படகில் ஏதோ எடை மேலே ஏறியிருக்கிறது.

2. மேலே ஏறியதைக் கீழே இறக்குங்கள்

எடை ஒரே நாளில் ஏறுவதில்லை. வீல்ஹவுஸ் (படகோட்டும் அறை) கூரையில் பழைய வலை, தளத்தில் கூடுதல் டீசல் கேன்கள், பெரிதாக்கிய வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் எந்திரம்) என்று ஒவ்வொன்றாகச் சேரும். மீனையும் ஐஸையும் முதலில் கிடங்கில் இறக்கி, நகராதபடி பலகைத் தடுப்பு போடுங்கள்.

3. அலம்பும் நீரை அடக்குங்கள்

அரை டேங்க் டீசல், படகு சாயும்போது சாயும் பக்கத்துக்கே ஓடி மேலும் சாய்க்கும். டேங்கின் அகலம் கூடக்கூட ஆபத்து வேகமாகப் பெருகும். நீளவாக்கில் நடுவே ஒரு தடுப்பு இருந்தால் பாதிப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஒரு டேங்க் தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறங்கள்.

தளத்து நீரும் அப்படியே. 4 மீட்டருக்கு 3 மீட்டர் தளத்தில் 20 சென்டிமீட்டர் நீர் நின்றால், அது ஏறத்தாழ இரண்டரை டன். எனவே நீர் வடியும் திறப்புகளை எதற்காகவும் அடைக்காதீர்கள். மீன் வழுக்கிப் போகிறது என்று சாக்கைத் திணிப்பதை நான் எவ்வகையிலும் ஏற்கமாட்டேன். மீன் போகாமலிருக்கக் கம்பித் தடுப்பு போடலாம்.

4. வலை தூக்கும்போது

தொங்கும் வலையின் எடை, அது தொங்கும் கப்பியின் உச்சியில் இருப்பதாகவே படகு உணரும். அரை டன் மீன் தளத்திலிருந்து எழுந்த அந்த நொடியிலேயே எடைமையம் உயர்ந்துவிடுகிறது. ஆகவே தாழ்வாகத் தூக்கி, ஊசலாட விடாமல் உடனே இறக்குங்கள். வலை பாறையில் மாட்டினால் என்ஜின் வேகத்தைக் குறைத்து, வின்ச் பிரேக்கைத் தளர்த்துங்கள். கயிறு பக்கவாட்டில் இழுக்க விடாதீர்கள். வலையை வெட்டிவிட வேண்டிவந்தால் வெட்டிவிடுங்கள்.

5. புறப்படும் முன்

கிடங்கு மூடிகள் இறுகியிருக்கின்றனவா, படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அணிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டிய ஜாக்கெட் யாரையும் மிதக்க வைக்காது. விஎச்எஃப் வானொலிக் கருவியில், ஆபத்து அழைப்புக்கான 16 ஆம் சேனலைத் திறந்து வைத்திருங்கள். ஆபத்து என்றால் ‘மேடே’ என மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இதே வரிசையில் தெரிவிக்க எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள்.