ஆன்டிபாடியைச் சோதிக்க நாக்அவுட் எலி வேண்டாம், கடிகாரம் போதும்

ரெவ்-எர்ப் ஆல்ஃபா என்பது உடலின் 24 மணி நேரக் கடிகாரத்தை இயக்கும் புரதங்களில் ஒன்று. அதைக் கண்டறியப் புதிதாக வந்த ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்ட வேண்டிய மூலக்கூறு) நம்பகமானதா என்று பார்க்க, அந்த ஜீனை நீக்கிய நாக்அவுட் எலி தேவையில்லை; மாலை 4 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் எடுத்த சுண்டெலிக் கல்லீரல் சாம்பிள்களை ஒரே வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை சைஸ் வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். (கூண்டில் விளக்கு காலை 6 முதல் மாலை 6 வரை எரிகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.)

கல்லீரலில் இந்தப் புரதம் பிற்பகலில் உச்சத்தில் இருக்கும், பின்னிரவில் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். அதனால் அதிகாலை சாம்பிளே இலவச நெகட்டிவ் கன்ட்ரோல் (தேடும் புரதம் இல்லாத ஒப்பீட்டு சாம்பிள்). இரண்டு லேனிலும் ஒரே கனத்தில் நிற்கும் பேண்ட் (புரதக் கோடு), சைஸ் எவ்வளவு பொருந்தினாலும், வேறு ஏதோ புரதம்தான். லோடிங் கன்ட்ரோலையும் (இரண்டு லேனிலும் சம அளவு சாம்பிள் ஏறியதா என்று காட்டும் புரதம்) அதே மெம்பிரேனில் பார்த்துவிடுங்கள்.

அதிகாலையில் லேபுக்கு ஓட வேண்டாம். ஒரு கூண்டின் டைமரை மட்டும் 12 மணி நேரம் தள்ளி வைத்து, இரண்டு வாரம் பழகவிட்டால் இரண்டையும் ஒரே மாலையில் எடுத்துவிடலாம்.

க்ளாக் என்ற இன்னொரு கடிகாரப் புரதத்தின் ஆன்டிபாடிக்கு இது உதவாது. அந்தப் புரதத்தின் அளவு நாள் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. பிமால்-1 என்ற கடிகாரப் புரதத்தின் ஏற்ற இறக்கமும் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. இரண்டுக்கும் நாக்அவுட் சாம்பிளையோ அந்த ஜீனை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொடுத்த செல்லையோதான் நம்ப வேண்டும். செல்களின் கடிகாரங்களை ஒத்திசைக்காத செல் கல்ச்சரிலும், பகலில் மட்டும் தீனி போட்ட எலியிலும் இந்த இரண்டு நேரச் சோதனையைச் செய்யாதீர்கள். தீனி நேரம் மாறினால் கல்லீரலின் கடிகாரமே நகர்ந்துவிடும்.