கோர்கிக்கு எந்தப் பருவத்தில் எந்த உணவு

பன்னிரண்டு கிலோவுக்குள் நிற்க வேண்டிய எங்கள் பெம்புரோக் கோர்கி நாய், நாகர்கோவில் வீட்டில் மூன்று வயதை எட்டும்போது பதினாறு கிலோ இருந்தது. விலை கொடுத்து வாங்கிய உலர் உணவை அளந்துதான் வைத்தோம். ஆனால் காலையில் புட்டும் பழமும் தின்றவர் ஒரு கை, மத்தியானம் மீன்சோறு உண்டவர் ஒரு கை, மாலையில் மரச்சீனி (மரவள்ளி) அவித்தவர் ஒரு கை என்று அதற்கும் ஊட்டியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வேல்ஸ் நாட்டில் மாடு மேய்ப்பதற்காக வளர்க்கப்பட்ட இந்த இனம் தோள்வரை ஓரடி உயரமே வரும்; குட்டைக் கால்களில் நீண்ட முதுகைச் சுமக்கிறது. அந்தக் குட்டைத்தன்மையைத் தரும் மரபணுவே முதுகெலும்பின் இடைத்தட்டுகளையும் இளவயதிலேயே தேயச் செய்வதால், கூடுகிற ஒவ்வொரு கிலோவும் முதுகின்மேல்தான் ஏறுகிறது. ஆகவே கோர்கிக்கு உணவு தேர்வதில் பையின் பெயர் பாதி, அளவு மறுபாதி.

பையை வாங்கும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சிற்றெழுத்தைப் படியுங்கள். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ (AAFCO) நாயுணவுக்கு இரண்டே வரையறைகளை வைத்திருக்கிறது: ஒன்று வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும், மற்றது வளர்ந்த நாயின் பராமரிப்புக்கும். முதலாவதில் ஈரம் நீக்கிய எடையில் புரதம் குறைந்தது 22.5 விழுக்காடும் கொழுப்பு 8.5 விழுக்காடும் இருக்க வேண்டும். இரண்டாவதில் முறையே 18, 5.5 விழுக்காடு போதும். ‘எல்லாப் பருவத்துக்கும்’ என்று எழுதிய பை குட்டிக்கான வரையறையை நிறைவு செய்வது என்பதால், நாள் முழுதும் திண்ணையில் படுத்திருக்கும் வளர்ந்த நாய்க்கு அது பெரும்பாலும் மிஞ்சிய சத்துதான். ‘நிறைவான, சமச்சீர் உணவு’ என்ற வாசகமே இல்லாத பையைத் தின்பண்டமாகக் கருதுங்கள், அன்றாட உணவாகக் கொள்ளாதீர்கள். தானியம் சேர்க்காத உணவு என்று கூடுதல் விலைக்கு விற்பதையும் நான் வாங்குவதில்லை. பருப்பு வகைகள் மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் ஆராயத் தொடங்கியது, நம் அரிசியோ நாய்க்கு நன்றாகவே செரிக்கிறது.

எட்டு வாரத்தில் தாயைப் பிரிந்து வரும் குட்டிக்கு ஓராண்டு வரை குட்டிகளுக்கான உணவையே கொடுங்கள். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை என்பது வசதியான முறை. வெறும் சோறும் கோழிக்கறியும் போட்டு வளர்க்கும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு மெலிந்து கால் வளையும். நிறைவான குட்டியுணவுக்குமேல் கால்சியம் மருந்தை ஊற்றுவதும் வளரும் எலும்பைக் கெடுக்கும். வீட்டிலேயே சமைத்துப் போட விரும்புபவர்கள் கால்நடை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குவதே முறை.

வளர்ந்த நாய்க்கு அளவு கணக்கிடுவது கடினமில்லை. இருக்க வேண்டிய கிலோ எடையை மும்மடியாக்கி (12 × 12 × 12 என்பதுபோல் பெருக்கி), அதற்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்கினால் ஓய்வு நிலைக்குத் தேவையான கலோரி கிடைக்கும். 12 கிலோ நாய்க்கு அது ஏறக்குறைய 450. கருத்தடை செய்து வீட்டோடு இருக்கும் கோர்கிக்கு அதை 1.4-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், அதாவது 630 கலோரி. பையில் கலோரி அச்சிடவில்லையென்றால் புரத விழுக்காட்டை 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும், ஈரம், சாம்பல் (தாது உப்புகள்), நார், புரதம், கொழுப்பு எல்லாம் நூறிலிருந்து கழித்த மீதியான மாவுச்சத்தை 3.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமுக்கான கலோரி வந்துவிடும். 26 விழுக்காடு புரதம், 14 விழுக்காடு கொழுப்பு, 38 விழுக்காடு மாவுச்சத்து உள்ள உணவில் அது 343. நாளுக்குச் சுமார் 185 கிராம் போதும். இதைக் கோப்பையால் மொள்ளாமல் சமையலறைத் தராசில் நிறுத்து வையுங்கள். இந்தக் கணக்கும் தொடக்கப் புள்ளிதான். விரலை அழுத்தாமல் தடவும்போது விலா எலும்புகள் தட்டுப்பட்டு, மேலிருந்து பார்க்க இடுப்பு உள்வாங்கியிருந்தால் அளவு சரி. அடர்ந்த மயிர் கண்ணை ஏமாற்றும் என்பதால் கோர்கியைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

இடைத்தீனி மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நம் நாய்க்கு அது 63 கலோரி, நடுத்தர வாழைப்பழம் ஒன்றோ ஏறக்குறைய 100. மீன் குழம்பு அறவே வேண்டாம்: அரைத்துச் சேர்க்கும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், தேங்காய் கொழுப்பேற்றும். கருவாட்டில் உப்பு அதிகம். மரச்சீனியை அவித்து நீர் வடித்துக் கொடுத்தால் நஞ்சில்லை என்றாலும் அது வெறும் மாவுதான். மாறாக, குளச்சலிலோ முட்டத்திலோ கரையேறும் சாளை (மத்தி) மீனை உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்து, முள் நீக்கி, வாரம் இருமுறை ஒரு துண்டு கொடுப்பது மூட்டுக்கும் தோலுக்கும் நல்லது. பச்சையாகக் கொடுக்க வேண்டாம். சில மீன்களில் உள்ள நொதி தயமின் என்ற வைட்டமினை அழிக்கும், வேகவைத்தால் அந்நொதி கெட்டுவிடும்.

சினைப்பட்ட பெட்டைக்குக் கடைசி மூன்று வாரங்களிலும் பால் கொடுக்கும் காலத்திலும் குட்டியுணவே ஏற்றது.

எட்டு வயதுக்குமேல் ‘முதியது’ என்று எழுதிய பையைத் தேடி ஓடுபவர்கள், ஆஃப்கோவில் அப்படியொரு வரையறையே இல்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான கிழட்டு நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டியதில்லை. குறைத்தால் தசை வற்றி முதுகைத் தாங்கும் பலம் போகும். நடை குறைந்த அளவுக்குக் கலோரியைக் குறையுங்கள். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறு தெரிந்தால் மட்டும் பாஸ்பரஸ் குறைந்த மருத்துவ உணவுக்கு மாறலாம். பின்னங்கால் இழுத்தாலோ படியேற மறுத்தாலோ உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

எந்தப் பருவத்திலும் பழைய உணவில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாள்களில் மாற்றுங்கள். இரு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் திறந்த பை பூசணம் பிடிக்கும், கொழுப்பு சிக்கடிக்கும். மலிவென்று இருபது கிலோ மூட்டை வாங்காமல் ஒரு மாதத்தில் தீரும் பையை வாங்கி, அந்தப் பையோடே இறுக மூடிய டப்பாவுக்குள் வைத்து, டப்பாவின் மூடியில் வீட்டார் எல்லோருக்கும் தெரியும்படி அன்றாட அளவைக் கிராமில் எழுதி ஒட்டிவிடுங்கள்.