மீன் தீவனத்தில் கொழுப்பு: தராசை மட்டும் நம்பாதீர்கள்

திலேப்பியா வளர்க்க ஆரம்பித்த புதிதில் நான் பார்த்ததெல்லாம் எடை மட்டும்தான். கொழுப்பு கூடுதலான தீவனத்துக்கு மாறியதும் எடை மளமளவென்று ஏறியது. அறுவடையன்று ஒரு மீனைக் கீறியபோதுதான் விஷயம் புரிந்தது. குடலைச் சுற்றி வெண்ணெய் அப்பியதுபோல வெள்ளைக் கொழுப்பு. செம்பழுப்பாக இருக்க வேண்டிய ஈரல் மஞ்சள் பாய்ந்து, விரல் பட்டதும் நசுங்கியது. ஏறிய எடையில் பாதி குடலோடு குப்பைக்குப் போனதைப் பார்க்க வயிறு எரிந்தது.

கொழுப்பே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரி தரும். புரதமோ மாவுச்சத்தோ தருவது 4 தான். நீந்தவும் மூச்சு வாங்கவும் வேண்டிய சக்தி கொழுப்பிலிருந்து கிடைத்துவிட்டால், விலை கூடிய புரதம் சதை வைக்கப் போகும். ஆனால் அளவு மீறினால் கதை தலைகீழ். சக்தி நிறைந்ததும் மீன் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். தேவையான புரதம் உள்ளே போகாது, வளர்ச்சி மந்தமாகும்.

கெண்டை, திலேப்பியா, கெளுத்தி வகைகளுக்கு வளரும் பருவத்தில் தீவனத்தில் 5 முதல் 8% வரை கொழுப்பு போதும். சால்மன் 30 சதவீதத்துக்கு மேலும் தாங்கும், அது வேறு ஜாதி. அதன் கணக்கை நம் குளத்தில் போடக் கூடாது.

அதனால் மாதம் ஒருமுறை ஐந்தாறு மீனைப் பிடித்து, ஒவ்வொன்றையும் முழுசாக எடை போட்டுவிட்டு வயிற்றைத் திறந்து பாருங்கள். ஈரலைத் தனியாக, குடலைச் சுற்றிய கொழுப்பைத் தனியாக எடை போடுங்கள். 400 கிராம் மீனில் ஈரல் 8 கிராம் என்றால் 2%. ஒரே நாளின் எண்ணை வைத்து முடிவெடுக்காமல் மாதாமாதம் எழுதி வையுங்கள். ஈரலின் பங்கு ஏறிக்கொண்டே போய், நிறமும் வெளுத்தால் கொழுப்பு குறைந்த தீவனத்துக்கு மாறுங்கள்.

கொழுப்பு போதவில்லை என்றால் எண்ணெய் பூசலாம். ஒரு கிலோ தீவனத்துக்கு 20 கிராம் எண்ணெயைத் தெளித்துப் புரட்டி, நிழலில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். 4% இருந்தது ஏறக்குறைய 6% ஆகும். நன்னீர் மீனுக்கு சோயா எண்ணெய் நல்லது. மீனுக்கு வேண்டிய ஒமேகா-6, ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இரண்டுமே அதில் உண்டு. தேங்காய் எண்ணெயில் இவை மிகக் குறைவு. கொடுவா போன்ற கடல் மீன்களுக்கு மீன் எண்ணெய் இல்லாமல் சரிப்படாது.

அளவைவிட எனக்கு அதிகம் கவலை தருவது சிக்கு வாடைதான். கெட்ட எண்ணெய் தீவனத்தில் உள்ள வைட்டமின் ஈ-யை அழித்து, ஈரலையும் தசையையும் பாதிக்கும். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு இதில் ரொம்ப மோசம். அரைத்த சில நாளிலேயே காற ஆரம்பிக்கும். மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டை மேல், வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள். அவிழ்த்ததும் ஒரு கைப்பிடி எடுத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் மாதிரி நெடி அடித்தால், புது மூட்டையோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த மூட்டை குளத்துக்கே போகக் கூடாது.