புறத்தோன்றி, அகத்தோன்றி: விடைத்தாளில் தடுக்கும் இடங்கள்

விடைத்தாளில் பலர் எழுதுவது: “பக்கவேர் மண்ணுக்குள் இருப்பதால் அகத்தோன்றி, கிளை வெளியே தெரிவதால் புறத்தோன்றி.” விடை சரி, காரணம் முழுத் தவறு. ஓர் உறுப்பின் முதல் செல்கள் எந்தத் திசு அடுக்கில் பிரியத் தொடங்கின என்பது மட்டுமே இங்கே கேள்வி: வெளி அடுக்கில் என்றால் புறத்தோன்றி, உள் அடுக்கில் என்றால் அகத்தோன்றி. உறுப்பு கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பதற்கு இதில் வேலையே இல்லை.

கிளை, தண்டு நுனியருகே, இலையும் தண்டும் சேரும் இலைக்கோணத்தில் உள்ள மேலடுக்குச் செல்களிலிருந்து கோணமொட்டாகக் கிளம்புகிறது. கிழிக்க வேண்டிய திசு எதுவும் அதற்கு மேல் கிடையாது. அதனால் தாய்த்தண்டின் மேல்தோலும் கிளையின் மேல்தோலும் இடையறாமல் ஒன்றாக ஓடும். பக்கவேர் அப்படியல்ல. அவரை போன்ற செடிகளில் அது, மேல்தோலுக்கு அடியிலுள்ள புறணியின் உள் எல்லையான அகத்தோலுக்கும் உட்புறம், பெரிசைக்கிள் என்ற அடுக்கில், புரோட்டோசைலத்துக்கு (முதலில் உருவாகும் நீர்க்கடத்தும் திசு) நேர் எதிரே பிறக்கிறது. புறணியையும் மேல்தோலையும் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். முளைகட்டிய பயறை ஈரத்துணியில் சில நாள் வைத்து, பக்கவேர் எட்டிப்பார்க்கும் இடத்தைக் கைலென்ஸில் பாருங்கள். அடியில் தோல் பிளந்திருப்பது தெரியும்.

செய்முறை வகுப்பில் பலர் கணுவிடையில் (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி) குறுக்காக வெட்டிவிட்டு “மொட்டைக் காணோம்” என்பார்கள். கிளைக்கு, இளங்கணுவில் இலைக்கோணத்தின் நடுவழியே நீள்வெட்டு எடுக்க வேண்டும். வேருக்கு, வேர்த்தூவிப் பகுதியைத் தாண்டி மேலே, லேசாகப் புடைத்த இடத்தில் குறுக்குவெட்டு. சீவல் தடித்தால் சாஃப்ரனின் என்ற சாயம் எங்கும் ஒரே சிவப்பாக ஏறிவிடும், அடுக்குகள் பிரியாது. மெல்லிய சீவலைச் சாயத்தில் ஓரிரு நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசி, கிளிசரினில் ஏற்றினால் போதும்.

வேர்த்தூவியைப் புறத்தோன்றிக் கிளை என்று எழுதுவது இன்னொரு தவறு. அது மேல்தோலின் ஒரே செல் நீண்டு உண்டானது; கடத்துதிசு இல்லை, கிளையும் இல்லை. ரோஜா முள்ளும் வெளித்திசுவின் வளர்ச்சிதான், பக்கவாட்டில் அழுத்தினால் பிசிறில்லாமல் பெயர்ந்து வரும். காகிதப்பூவின் முள் உருமாறிய கிளை. உள்ளே கடத்துதிசு ஓடுவதால் அவ்வளவு எளிதில் பெயராது.

“தண்டில் வருவதெல்லாம் புறத்தோன்றி” என்ற குறுக்குவழியையும் விட்டுவிடுங்கள். ஆலம் விழுதும் கரும்புக் கணுவின் வேரும் தண்டில் இருந்தாலும் உட்திசுவில் பிறக்கும் வேற்றிட வேர்கள், அதாவது வேரல்லாத உறுப்பில் முளைக்கும் வேர்கள்.

பூஞ்சைப் பாடத்தில் அளவுகோலே வேறு. அங்கே வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய செல்) உறைக்குள் உண்டாகிறதா, வெளியே உண்டாகிறதா என்று பார்க்க வேண்டும். ரைசோபஸின் வித்துகள் வித்தகம் என்ற பைக்குள் உண்டாவதால் அகத்தோன்றி. பெனிசிலியத்தின் கொனிடியங்கள் என்ற வித்துகள் காம்பு நுனியில் திறந்தவெளியில் உண்டாவதால் புறத்தோன்றி. ஆஸ்கஸ் என்ற பையின் வித்து உள்ளே, பசிடியம் என்ற செல்லின் வித்து வெளியே.

மருத்துவத்தில் “புறத்தோன்றி” என்ற இதே சொல் உடலுக்கு வெளியிலிருந்து வந்ததைக் குறிக்கும். ஊசியில் போடும் இன்சுலின் அந்த வகை. கணையம் சுரக்கும் இன்சுலினோடு, அது உருவாகும்போது பிரியும் சி-பெப்டைடு என்ற துண்டும் ரத்தத்தில் கலக்கும், ஊசி மருந்தில் அது இருக்காது. சி-பெப்டைடு பரிசோதனை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நடக்கிறது. இந்தப் பொருளைத் தாவரவியலுக்கு இழுத்துவந்து, ஒட்டுக்கட்டிய கிளையைப் “புறத்தோன்றி” என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒட்டுக்கிளை வேறொரு செடியிலிருந்து வந்தது, அவ்வளவுதான். அந்தச் செடியில் அது எந்த அடுக்கில் பிறந்தது என்பது தனிக் கேள்வி.